பொருள்: பீர் லைனுக்குள் படிவது ‘பீர்க்கல்’லா, ‘பீர்க்காரை’யா?

காட்பாடியிலிருந்து:

வணக்கம். சிங்கப்பூரிலும் கனடாவிலும் வீட்டிலேயே கெக் (பீர் பீப்பாய்) வைத்துக் குழாயில் பீர் பிடிக்கும் நம்மவர்களுக்காக ஒரு பராமரிப்புக் கையேடு தமிழாகிறது. இரண்டு சொற்களில் வண்டி நின்றுவிட்டது: பயோஃபில்ம், பீர் ஸ்டோன். வரைவில் இரண்டுக்கும் ‘படிவு’ என்றே போட்டிருக்கிறேன். லைன் (பீர் ஓடும் குழாய்), கெக், கப்ளர் (கெக்கில் மாட்டும் இணைப்பு) எல்லாம் அப்படியே இருக்கட்டும். கடையில் அதைச் சொன்னால்தான் எடுத்துத் தருவார்கள். ‘படிவு’ போதுமா?

ராணிப்பேட்டையிலிருந்து:

போதாது ஐயா. இரண்டுக்கும் மருந்தே வேறு. பயோஃபில்ம் என்பது ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் புரதமும் சேர்ந்த கொழகொழப்பு. அதைக் காஸ்டிக் (காஸ்டிக் சோடா) அறுக்கும். பீர் ஸ்டோன் என்பது கால்சியம் ஆக்சலேட். அதற்கு அமிலம் வேண்டும். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்பில் ஊறவைக்கிற வேலையை அமிலத் தொட்டியிலோ, அமில வேலையைச் சுண்ணாம்பிலோ யாராவது செய்வார்களா? ‘படிவு போகும்வரை கழுவவும்’ என்று எழுதினால், படிப்பவர் காஸ்டிக்கையே மறுபடி மறுபடி விட்டுக்கொண்டிருப்பார். கல் அசையாது, அதன் சொரசொரப்பில் கிருமி மறுபடி குடியேறும்.

குடியாத்தத்திலிருந்து:

பயோஃபில்முக்குப் பாடநூல் பாணியில் ‘உயிரிப்படலம்’ எழுதலாம். ஆனால் ஃபாசெட்டை (பிடியை இழுத்துப் பீர் பிடிக்கும் முனையை) கழற்றி உள்ளே விரல் விட்டுப் பார்க்கிறவருக்கு ‘வழும்பு’ என்றால் உடனே புரியும். மீன் கழுவுகிற வீட்டில் இருக்கிற சொல்தானே.

‘பீர்க்கல்’ மட்டும் வேண்டாம். நம் ஊரில் ‘பீர் குடித்தால் கல் கரையும்’ என்று ஒரு வைத்தியம் உலவுகிறது. சிறுநீரகக் கல்லிலும் பெரும்பாலும் இதே கால்சியம் ஆக்சலேட்தான். ‘பீர்க்கல்லைக் கரைப்பது எப்படி’ என்று தலைப்பு வைத்தால் வேறு ஆட்கள் வந்து நிற்பார்கள்! பல்லில் இறுகுவதைப் ‘பற்காரை’ என்கிறோம். அந்த வழியில் ‘பீர்க்காரை’.

ராணிப்பேட்டையிலிருந்து:

வழும்புக்கு என் ஓட்டு. காரையில் ஒரு சிக்கல்: காஸ்டிக்கைக் ‘காரம்’ என்று எழுதினால் ‘காரையைக் காரத்தால் போக்க முடியாது’ என்று வாக்கியம் நாக்கைச் சுற்றும். அவசரத்தில் படிப்பவர் மாற்றி ஊற்றிவிடுவார். அதனால் தனியே ‘காரை’ எங்கும் வரக் கூடாது, முழுதாகப் ‘பீர்க்காரை’ என்றே வரட்டும். கரைசல்களை ‘காஸ்டிக் கரைசல்’, ‘அமிலக் கரைசல்’ என்றே எழுதுங்கள்.

கையேட்டின் செய்முறையிலும் சில திருத்தங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 2% காஸ்டிக் கரைசல்: ஒரு லிட்டருக்கு 20 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு. கடை கிளீனராக இருந்தால் லேபிளில் உள்ள அளவு. காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். வெதுவெதுப்பான கரைசலை 15 நிமிடம் பம்பில் சுழலவிட வேண்டும். பம்பு இல்லையென்றால் 20 நிமிடம் லைனில் நிறுத்தி வைக்கலாம். உள்விட்டம் 4.8 மி.மீ. உள்ள 3 மீட்டர் லைன் 55 மில்லிகூடக் கொள்ளாது. ஒரு லிட்டர் கலந்தால் தாராளம்.

கரைசலை கெக்கில் ஊற்றி கார்பன் டை ஆக்சைடால் தள்ளச் சொல்லியிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். காஸ்டிக் அந்த வாயுவை உறிஞ்சிக் கார்பனேட்டாகி வலுவிழக்கும். கைப்பம்பு பாட்டில் போதும். பாலாற்றங்கரை போர் தண்ணி மாதிரி உப்புத்தண்ணி உள்ள ஊர் என்றால் கேன் தண்ணீரில் கலக்கட்டும். கடினநீரில் காஸ்டிக் விழுந்தால் அதுவே சுண்ணாம்பாய்ப் படியும்.

காட்பாடியிலிருந்து:

சரி, மாற்றிவிட்டேன். அமிலம் எப்போது? கழுவின பிறகும் பீரில் வெண்ணெய் வாசம் வருவதைக் கையேடு ‘பீர் ஸ்டோன் கோளாறு’ என்கிறது. சரியா?

ராணிப்பேட்டையிலிருந்து:

தவறு. வெண்ணெய் வாசம் டைஅசிட்டைல் என்ற பொருளால். லைனில் பீடியோகாக்கஸ் என்ற பாக்டீரியா குடியிருந்தால் வரும். அது வழும்பின் வேலை. காடி வாசம் என்றால் காற்றுப் படும் ஃபாசெட்டில் அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியா. ஃபாசெட்டைக் கழற்றி, ஓ-ரிங்கைத் தனியே எடுத்து, பிரஷ் போட வேண்டும். வெறும் கரைசல் அங்கே முழுதாய்ப் போகாது. சானிட்டைசரை முதலில் விட்டால் வழும்பின் மேலோடு ஓடிவிடும். கழுவிய பிறகுதான் அது.

அமிலம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. காஸ்டிக்கை முழுக்க அலசிவிட்டுத்தான். பி.எச். தாளில் போகிற தண்ணீரும் வருகிற தண்ணீரும் ஒரே நிறம் காட்ட வேண்டும். பிளீச்சிங் கரைசல் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு.

குடியாத்தத்திலிருந்து:

ஆக வழும்பு, பீர்க்காரை. ஃபாசெட்டுக்குத் ‘திருகு குழாய்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் திருகவே இல்லையே, பிடியை இழுக்கிறோம். ‘இழுகுழாய்’ எப்படி?

காட்பாடியிலிருந்து:

‘இழுகுழாய்’ என்றால் உறிஞ்சுகிற குழாய் என்று படிப்பார்கள். நாளை வரை ஃபாசெட்டாகவே கிடக்கட்டும்.