ஐஐடியா, கிண்டியா? கடன் வாங்கலாமா?

கேள்வி: மகளுக்கு ஐஐடி கரக்பூரில் சிவில் இன்ஜினியரிங் கிடைத்திருக்கிறது, கிண்டி பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸும் வரும் போல. ஐஐடியில் கல்விக்கட்டணமே வருடம் 2 லட்சம். எனக்கு மளிகைக் கடை, வருட வருமானம் 4 லட்சம். ராத்திரி முழுக்கக் கடைக் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

பதில்: ஐயா, பயப்படாதீர்கள். குடும்ப வருமானம் 1 முதல் 5 லட்சத்துக்குள் என்றால் கல்விக்கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. விடுதி, மெஸ் தனி. வருமானச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.

பதில்: கடன் வாங்கினால் படிக்கும்போதே வட்டி ஏறும், அதைக் கவனிக்காமல் விட்டு முதல் வருடச் சம்பளத்தில் பாதியைத் தவணைக்கே கொடுத்தவன் நான். கிண்டியும் 1794-இல் தொடங்கிய இடம், லேசுப்பட்டதில்லை. சரி, பிள்ளையிடம் கேட்டீர்களா?

கேள்வி கேட்டவர்: கேட்டேன். பாலம் கட்டணுமாம். நாளைக் காலை முதல் வேலை இ-சேவை மையம்தான்.