மேக் பட்டியல் போதுமா, பிபிபிஓஇ-க்கு மாறிவிடலாமா?

டவர்தம்பி: டவரிலிருந்து ரேடியோ வழியாக வீடுகளுக்கு நெட் கொடுக்கிறேன்: மூன்று டவர், 140 வீடு, எல்லாம் மைக்ரோடிக் கருவி. வீட்டு மாடியில் மாட்டும் ரேடியோவின் மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) அக்சஸ் லிஸ்டில், அதாவது டவரின் அனுமதிப் பட்டியலில், சேர்த்தால்தான் இணைப்பு. டபிள்யூபிஏ2 சாவி (வயர்லெஸ் கடவுச்சொல்) மட்டும் எல்லோருக்கும் ஒன்றே. போன வாரம் ஒருவர், ராத்திரி எட்டு மணிக்கு மேல் லைன் அறுந்து அறுந்து வருகிறது என்றார். பார்த்தால் அவருடைய மேக் வடக்கு செக்டாரில் (வடக்கு பார்த்த ஆன்டெனா) சிக்னல் மைனஸ் 61-ல் நிற்கிறது. தெற்கு செக்டாரில் மைனஸ் 82-லும் நிற்கிறது! ஒரே வீடு இரண்டு திசையில் எப்படி இருக்கும்? யாரோ நகல் எடுத்துவிட்டார்கள். ரேடியஸ் (யாரை உள்ளே விடலாம் என்று சரிபார்க்கும் பொது சர்வர்) வைத்து, பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு உள்ளே விடும் பிபிபிஓஇ-க்கு மாறிவிடலாமா?

கணக்குப்பிள்ளை: இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மாறுங்கள். என்க்ரிப்ஷன் இருந்தாலும் காற்றில் போகும் ஒவ்வொரு ஃபிரேமின் (தரவுப் பொட்டலம்) தலைப்பிலும் மேக் திறந்தபடிதான் போகும். அதை வைத்து ஆளை அடையாளம் காண்பது வீண். பிபிபிஓஇ என்றால் ஆளுக்கு ஒரு பெயர், கடவுச்சொல். வேகத்தையும் ரேடியஸே சொல்லிவிடும். பணம் கட்டாதவரை ஒரே இடத்தில் நிறுத்தலாம்.

மாடிப்படி: கணக்குப்பிள்ளை பில்லிங்கைப் பற்றிப் பேசுகிறார், தம்பி கேட்டது திருட்டைப் பற்றி. பிபிபிஓஇ தரவை என்க்ரிப்ட் செய்யாது. பொதுச் சாவி தெரிந்தவன் காற்றில் கேட்டுக்கொண்டுதான் இருப்பான். கிளையன்ட்டுகளுக்கு (வீட்டு ரேடியோக்கள்) இடையிலான ஃபார்வர்டிங்கை அணைக்காமல் விட்டால், அவனே ஒரு போலி பிபிபிஓஇ சர்வரைத் திறந்து, பிஏபி-யில் (கடவுச்சொல்லை அப்படியே அனுப்பும் முறை) வருகிறவர்களின் கடவுச்சொல்லை அள்ளிக்கொள்வான்.

ஓட்டை பொதுச் சாவியில் இருக்கிறது. அதே அக்சஸ் லிஸ்டில் மேக் ஒவ்வொன்றுக்கும் தனி ப்ரீ-ஷேர்டு கீ (சாவி) போட இடம் இருக்கிறது. அதைப் போடுங்கள். மேக்கை நகலெடுத்தாலும் சாவி இல்லாமல் உள்ளே வர முடியாது. ஒன்று மட்டும் கவனம்: முதலில் வாடிக்கையாளர் ரேடியோவில் புதுச் சாவி, லிங்க் அறுந்ததும் டவரில். மாற்றிச் செய்தால் அந்த ரேடியோ உங்கள் கைக்கு எட்டாது, மாடி ஏற வேண்டியதுதான். என் பெயர்க் காரணம் அதுதான்.

கணக்குப்பிள்ளை: 140 சாவியை மூன்று டவரில் கையால் எழுதுவதா? ஒருவர் வீடு மாறினால்?

சான்றிதழ்சாமி: இரண்டு பேருமே அரைக்கிணறு தாண்டுகிறீர்கள். இஏபி-டிஎல்எஸ் (டிஜிட்டல் சான்றிதழால் அடையாளம் காட்டும் முறை) போட்டால் சாவியே வேண்டாம், ரேடியோவுக்கு ஒரு சான்றிதழ் போதும். 2024-ல் வெளியான பிளாஸ்ட்-ரேடியஸ் என்ற ரேடியஸ் ஓட்டையும் இஏபி-யைத் தொடாது. பிஏபி, சேப் போன்ற கடவுச்சொல் முறை வைத்திருப்பவர்கள் மெசேஜ்-ஆதென்டிகேட்டரை (ரேடியஸ் செய்தி போலி அல்ல என்று காட்டும் முத்திரை) கட்டாயமாக்க வேண்டும்.

மாடிப்படி: சாமி, கரண்ட் போய் வந்ததும் பேட்டரி இல்லாத ரேடியோவின் கடிகாரம் 1970-க்குப் போய் நிற்கும். சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று சொல்லும். நேரத்தைச் சரிசெய்ய நெட் வேண்டும், நெட்டுக்குச் சான்றிதழ் வேண்டும்.

கரண்ட் என்றதும் இன்னொன்று. டவர் அணைந்து எரிந்தால் 140 பேரும் ஒரே மூச்சில் ரேடியஸைத் தட்டுவார்கள். மைக்ரோடிக்கில் ரேடியஸ் டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) இயல்பாக ஒரு நொடிக்கும் குறைவு. பழைய கம்ப்யூட்டரில் சர்வர் ஓடினால் பாதிப் பேர் திரும்பத் திரும்ப வெளியே நிற்பார்கள். முதலில் அதைக் கூட்டி வையுங்கள்.

கணக்குப்பிள்ளை: அது சரி. அப்படியென்றால் நடுவழி ஒன்று இருக்கிறது: தனிச் சாவியையே ரேடியஸ் அனுப்பட்டும், மைக்ரோடிக்-வயர்லெஸ்-பிஎஸ்கே என்று அதற்கு அட்ரிபியூட்டே (ரேடியஸ் பதிலில் ஒரு புலம்) உண்டு. சாவி ஒரு இடத்தில், மூன்று டவருக்கும் பொது. அதன் மேல் பிபிபிஓஇ வேண்டும் என்று நான் இன்னும் சொல்வேன்.

மாடிப்படி: பிபிபிஓஇ போட்டால் எம்டியு (ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு) 1492 பைட்டுக்கு இறங்கி, சில தளம் திறக்கவில்லை என்று போன் வரும். எடுத்துப் பேச நீங்கள் தயாரா?

கணக்குப்பிள்ளை: பொட்டலத்தை அந்த அளவுக்குள் அடக்க எம்எஸ்எஸ் கிளாம்ப் என்று ஒன்று இருக்கிறது, அண்ணே.

டவர்தம்பி: இரண்டு செக்டாருக்கும் தனிச் சாவி போட்டாச்சு. ஒரு மாடி ஏறினேன், தப்பு என்னுடையது. மைனஸ் 82 ஆசாமி இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார். லாகில் கீ எக்ஸ்சேஞ்ச் டைம்அவுட் (சாவி ஒத்துவராமல் நேரம் முடிந்தது) வரிசையாக விழுகிறது. எட்டு மணிக்கு மேல்தான்.