வாரியக் குடியிருப்பு: காலி செய்யும் குடும்பங்களுக்கு உதவி வேண்டும்

நண்பர்களே, வடசென்னையில் இடிக்கப்படவுள்ள, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் (முன்பு குடிசை மாற்று வாரியம்) பழைய குடியிருப்பிலிருந்து குடும்பங்கள் வெளியேற வேண்டியிருக்கிறது. கட்டடத்தின் நிலையைப் பார்த்தால் அங்கேயே இருங்கள் என்று சொல்ல முடியாது. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் இதே வாரியத்தின் 24 வீடுகள் இடிந்து விழுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

மறுகட்டுமானம் முடியும்வரை வெளியே தங்க, வாரியம் தரும் கருணைத் தொகை குடும்பத்துக்கு ரூ.24,000. வேலை இரண்டு ஆண்டு இழுத்தால் மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்தான். அட்வான்ஸுக்கே அது போதாது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு அதுவும் கிடைப்பது கடினம். தொகை ஒதுக்கீடுதாரர் (வாரியம் யாருக்கு வீட்டை ஒதுக்கியதோ அவர்) பெயரில்தான் வரும்.

பணம் சிக்குவது பெரும்பாலும் காகிதத்தில். ஒதுக்கீடுதாரர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும், அதற்கு நாளாகும். ஆதாரிலும் ஒதுக்கீட்டு ஆணையிலும் பெயர் எழுத்து மாறியிருந்தாலும் நிற்கும். குடியிருப்போர் கணக்கெடுப்பில் தரும் சீட்டைக் கட்டாயம் நகலெடுத்து வைக்கச் சொல்லுங்கள், புது வீடு கேட்கும்போது அது உதவும்.

இப்போது தேவை: பிள்ளைகளின் பள்ளிக்கு நடந்துபோகும் தூரத்தில், இரண்டு மாத அட்வான்ஸுக்குச் சம்மதிக்கும் வீட்டுக்காரர்கள், முதியவர்களுக்குத் தரைத்தள வீடு, ஞாயிற்றுக்கிழமைகளில் டாடா ஏஸ் வண்டி, இ-சேவையில் விண்ணப்பம் போடத் தெரிந்த இருவர். வீடு தெரிந்தால் தெரு, வாடகை, தண்ணீர் வசதி, தனி மீட்டர் உண்டா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.