ஓய்வுக்காலச் சேமிப்பும் நாளைய வரியும்: உங்கள் அனுபவத்தில் பார்த்தவை

இந்தியாவில் நாளை வரி மாறினால் ஓய்வுக்காலச் சேமிப்பில் எதைக் கவனிக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு வரிக் கணக்கர், ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் இருப்பவர், ஒரு ஃபண்ட் விநியோகஸ்தர் சொன்ன பதில்கள்.

வரிக் கணக்கர்:
ஓய்வுக்காலத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டு வருகிறவர்களின் தாளைப் பார்த்தால், இன்றைய வரியையே இன்னும் 25 வருடத்துக்கு இழுத்திருப்பார்கள். 2018 மார்ச் வரை பங்கு ஃபண்டின் (பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) நீண்டகால லாபத்துக்கு, அதாவது ஒரு வருடத்துக்கு மேல் வைத்து விற்ற லாபத்துக்கு, வரியே கிடையாது. ஏப்ரலில் 10 சதவீதம் வந்தது, 2024 ஜூலை 23 முதல் 12.5 ஆனது. எனவே கணக்கை இரண்டு விதமாகப் போடச் சொல்வேன்: இன்றைய விகிதத்தில் ஒன்று, பங்கு லாபத்துக்கு 20 சதவீதம் என்று வைத்து இன்னொன்று. இரண்டாவதில் துண்டு விழுந்தால் மாதச் சேமிப்பைக் கூட்ட வேண்டியது இப்போதே.

இன்னொன்றும் கவனியுங்கள். வரி மாறும்போது பழைய முதலீட்டுக்குப் பெரும்பாலும் ஏதாவது சலுகை தருகிறார்கள். 2018 ஜனவரி 31 வரை ஏறிய லாபத்துக்கு வரி போடவில்லை. 2023 ஏப்ரலுக்கு முன் வாங்கிய கடன் ஃபண்டின் (கடன் பத்திரங்களில் போடும் ஃபண்ட்) நீண்டகால லாபத்துக்கு இப்போது 12.5 சதவீதம்தான், பிறகு வாங்கியதற்கு ஸ்லாப் விகிதம் (உங்கள் வருமான அடுக்குக்கான வரி விகிதம்). ஆனால் அந்தப் பழைய யூனிட்டுக்கு இருந்த பணவீக்கச் சலுகையை (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) 2024இல் எடுத்துவிட்டார்கள். முழுப் பாதுகாப்பு என்று நம்பிவிட வேண்டாம். ஒரே ஃபண்டில் ரெகுலரிலிருந்து (விநியோகஸ்தர் வழியாக வாங்குவது) டைரக்டுக்கு (நேரடியாக வாங்குவது) மாற்றுவதும் விற்பனைதான். மாற்றினால் பழைய யூனிட்டின் சலுகை போய்விடும்.

சம்பளப் பிரிவு:
வி.பி.எஃப்.பை (பி.எஃப்.பில் கட்டாயப் பங்குக்கு மேல் ஊழியர் விரும்பிப் போடும் பணம்) கூட்டச் சொல்லி வருகிறவர்கள் பலருக்கு 2.5 லட்ச வரம்பு தெரிவதில்லை. 2021 ஏப்ரல் முதல், பி.எஃப்.பில் ஊழியர் பங்கும் வி.பி.எஃப்.பும் சேர்ந்து வருடத்துக்கு அதைத் தாண்டினால், தாண்டிய தொகையின் வட்டிக்கு வருடாவருடம் வரி. மாதத்துக்கு 20,833 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத அடிப்படைச் சம்பளம் ஒரு லட்சம் என்றால் ஊழியர் பங்காக 12,000 தானாகப் போகிறது, வி.பி.எஃப்.புக்கு மிச்சம் 8,800 சொச்சம். ஏப்ரலில் சரியாகப் போட்டுவிட்டு நடுவில் சம்பளம் உயரும்போது மறந்துவிடுகிறார்கள், அங்கேதான் தாண்டுகிறது. தாண்டிய பணம் தனிக் கணக்காகவே நிற்கும், அதன் வட்டிக்கு அடுத்தடுத்த வருடங்களிலும் வரி உண்டு.

ஃபண்ட் விநியோகஸ்தர்:
வருடத்துக்கு 1.25 லட்சம் வரை பங்கு ஃபண்டின் நீண்டகால லாபத்துக்கு வரியில்லை. பயன்படுத்தாவிட்டால் அடுத்த வருடத்துக்கு வராது. அந்த அளவு லாபம் வருமாறு விற்று, அதே ஃபண்டை மறுபடி வாங்கினால் கொள்முதல் விலை உயர்ந்துவிடும். இன்றைய விகிதத்தில் செஸ்ஸோடு 16,250 ரூபாய் வரை மிச்சம். நாளை விகிதம் ஏறினால் இன்னும் கூடும்.

எஸ்.ஐ.பி.யில் (மாதாமாதம் தவணையாக முதலீடு செய்வது) போட்டவர்கள்தான் இதில் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு தவணைக்கும் தனியாக ஒரு வருடம் தாண்டியிருக்க வேண்டும். முதலில் வாங்கியதே முதலில் விற்பதாகக் கணக்கு. லாபம் அதிகம் அந்தப் பழைய யூனிட்டில்தான், அதனால் கொஞ்சம் யூனிட் விற்றாலே வரம்பு நிறைந்துவிடும். ஸ்டேட்மெண்டில் லாபத் தொகையைப் பாருங்கள், விற்பனைத் தொகையை அல்ல. திரும்ப வாங்கிய யூனிட்டுக்கு ஒரு வருடக் கணக்கு புதிதாகத் தொடங்கும். இடையில் அவசரமாக எடுத்தால் லாபத்துக்கு 20 சதவீதம், பல ஃபண்டுகளில் வெளியேறும் கட்டணமும் உண்டு. அவசரத் தேவைப் பணத்தில் இதைச் செய்யவே கூடாது.

வரிக் கணக்கர்:
புதிய வரி முறையில் 12 லட்சம் வருமானம் வரை கிடைக்கும் வரித் தள்ளுபடி இந்தப் பங்கு லாபத்துக்குக் கிடையாது. அதை நம்பி ஒரே வருடத்தில் மொத்தமாக விற்றவர்கள் நிறையப் பேர்.

எதிர்கால வரி உயர்வு நேராகத் தாக்குவது என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) தரும் ஆன்யுட்டியையும் (மாத ஓய்வூதியம்) மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்ட வட்டியையும். இரண்டுமே அந்தந்த வருட ஸ்லாபில் சேரும். பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) வட்டிக்கு வரி இல்லாததால் அதற்கு நல்ல எதிர்முனை, ஆகவே 15 வருடம் முடிந்ததும் மூட அவசரப்பட வேண்டாம். முதிர்ந்த ஒரு வருடத்துக்குள் நீட்டிப்புப் படிவம் கொடுத்தால் 5 வருடம் தொடர்ந்து பணம் போடலாம். கொடுக்காமல் போட்ட பணத்துக்கு வட்டி வராது, பழைய இருப்புக்கு மட்டும் வரும். இதை வங்கி நினைவூட்டும் என்று காத்திருக்காமல் முதிர்வு தேதியை நீங்களே குறித்துவையுங்கள். அது கணக்கு தொடங்கிய தேதியிலிருந்து அல்ல, தொடங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து எண்ணப்படும்.