4எஸ் முதலில் நிரம்புகிறதே, பிறகு முதலில் காலியாவது ஏன்?

கடைசி_பெஞ்ச்:
பிளஸ் டூ, தமிழ்வழி. இரும்பு 2+ அயனிக்கு எலக்ட்ரான் அமைப்பு கேட்டிருந்தார்கள். 26-ல் 2 போனால் 24. குரோமியத்துக்கும் 24 தானே என்று [ஆர்கான்] 3டி⁵ 4எஸ்¹ எழுதினேன் (3டி, 4எஸ் என்பவை எலக்ட்ரான்கள் இருக்கும் துணைக்கூடுகள், மேலே உள்ள சிறிய எண் அதில் எத்தனை எலக்ட்ரான் என்பது). விடைக்குறிப்பில் வெறும் 3டி⁶ இருக்கிறது. 4எஸ் முதலில் நிரம்பும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு அதையே முதலில் காலி செய்தால் எப்படி?

மயில்துத்தம்:
முன்னால் இருக்கும் எண் எதற்குப் பெரிதோ அது முதலில் வெளியே, 3-ஐ விட 4. அவ்வளவுதான், மனப்பாடம் பண்ணிக்கோ.

டியூஷன்_வாத்தியார்:
மனப்பாடம் மார்க் வாங்கித் தரும், தம்பி கேட்டது காரணம். எண்ணிக்கை 24 என்றாலும் இரும்பு அயனியின் அணுக்கருவில் 26 புரோட்டான் அப்படியே இருக்கிறது, குரோமியத்தில் 24 தான். ஆஃபா வரிசையில், அதாவது துணைக்கூடுகள் நிரம்பும் வரிசையில், ஒவ்வொரு தனிமத்துக்கும் எலக்ட்ரானோடு புரோட்டானும் ஒன்று கூடுகிறது. அயனியாகும்போது எலக்ட்ரான் மட்டும்தான் போகிறது. இரண்டும் வேறு வேறு கணக்கு.

பொட்டாசியம், கால்சியம் வரை 4எஸ் ஆற்றலில் கீழே. ஸ்காண்டியத்திலிருந்து அணுக்கருவின் இழுப்பில் 3டி உள்ளே சுருங்கிக் கீழே இறங்கிவிடுகிறது. ஸ்காண்டியம் 2+ அயனியில் ஆர்கான் கூட்டுக்கு வெளியே மிஞ்சும் ஒரே எலக்ட்ரான் 3டி-யில்தான் இருக்கிறது. நிறமாலையே அதைக் காட்டுகிறது.

காந்தத் திருப்புத்திறன் போட்டுப் பார், இணையாகாத எலக்ட்ரான்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுவது அது. மாங்கனீசு 2+ அயனிக்கு 3டி³ 4எஸ்² என்று எழுதினால் இணையாகாத எலக்ட்ரான் 3, மதிப்பு 3.87 போர் மேக்னட்டான். 3டி⁵ என்றால் 5.92. ஆய்வகத்தில் அளந்தால் 5.9-ஐ ஒட்டித்தான் வரும். உன் இரும்பு 2+ இதற்குச் சரியான உதாரணம் இல்லை: 3டி⁴ 4எஸ்² என்று தப்பாக எழுதினாலும் இணையாகாதவை 4, சரியான 3டி⁶-லும் 4. தப்பு செய்தவனும் தப்பித்துவிடுவான்! அதனால்தான் நான் வகுப்பில் அன்னபேதியை (இரும்பு 2+ சல்பேட்) தொடுவதில்லை, மாங்கனீசில் ஆரம்பிப்பேன்.

கடைசி_பெஞ்ச்:
அப்போ குரோமியம் 3+ அயனிக்கு 4எஸ்-ல் இருக்கும் ஒன்று போய், 3டி-யிலிருந்து இரண்டு. 3டி³. சரியா சார்?

டியூஷன்_வாத்தியார்:
சரி. தாமிரமும் அப்படித்தான்: அணுவில் 3டி¹⁰ 4எஸ்¹, 2+ அயனியில் 3டி⁹. இதில் 3டி⁸ 4எஸ்¹ எழுதுகிறவர்கள் நிறைய. நடுநிலை அணுவின் அமைப்பை ஒரு வரி எழுதிவிட்டு, அதிலிருந்து அடித்துக்கொண்டே வா.

மயில்துத்தம்:
நான் சொன்னதும் அதுதானே சார் 😄