புதுப்பிப்பு: கொலுசு விலைப்பட்டியல் பக்கத்தின் ஹியர்டாக் பிழை தீர்ந்தது
சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் மாமாவுக்காக நான் எழுதிய விலைப்பட்டியல் பக்கம், என் கணினியில் சரியாக ஓடியும் சர்வரில் ஏற்றியதும் தொடரியல் பிழை காட்டி நிற்பதாகச் சென்ற வாரம் கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. எச்டிஎம்எல் வரிகளை ஹியர்டாக்கில் (பிஎச்பி நிரல்மொழியில் பல வரி உரையைச் சேர்த்து எழுதும் முறை) எழுதிய நான், அதை முடிக்கும் அடையாளச் சொல்லை அழகுக்காக நான்கு இடைவெளி உள்ளே தள்ளி வைத்திருந்தேன். 2018 டிசம்பரில் வந்த பிஎச்பி 7.3 முதல்தான் அது செல்லும், முந்தைய பதிப்புகளிலோ அச்சொல் வரியின் தொடக்கத்திலேயே நிற்க வேண்டும், அரைப்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளிகூட இருக்கக் கூடாது. சர்வரில் இருந்தது 7.2. இப்போதைக்குச் சொல்லை இடது ஓரத்துக்கே நகர்த்திவிட்டேன்; பார்க்க அழகில்லைதான். மேலும், ஹியர்டாக்குக்குள் ஒரு சார்பின் (ஃபங்ஷன்) பெயரை எழுதினால் அது வெறும் எழுத்தாகவே அச்சாகும் என்பதால், கொலுசுப் பெயர்களை, <, & போன்ற சிறப்புக் குறிகளைப் பக்கத்தில் பாதுகாப்பாகக் காட்டும்படி மாற்றும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் என்ற சார்பின் வழியாக முன்கூட்டியே ஒரு மாறியில் இட்டு, அந்த மாறியையே உள்ளே எழுதுகிறேன்.