காரைக்குடியிலிருந்து தனுஷ்கோடிக்கு டாக்சி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பத்தாவுக்கு 82 வயது. சிறுமியாக இருந்தபோது, கொழும்புக்குக் கப்பலேறிய தன் அப்பச்சியை வழியனுப்பத் தனுஷ்கோடி வரை ரயிலில் போனவர். 1964 புயலுக்குப் பிறகு அந்த மண்ணை அவர் பார்க்கவில்லை. 2017-இல் திறந்த சாலையில் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை காரே போகிறது என்று சொன்னதும், "ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்விடு அப்பு" என்கிறார்.

காரைக்குடியிலேயே டாக்சி எடுத்து நாள் முழுவதும் வைத்துக்கொள்வதா, ராமேஸ்வரம் வரை பஸ்ஸில் போய் அங்கே வண்டி பிடிப்பதா? அவருக்கு முழங்கால் வலி. பஸ் படி ஏறுவதே சிரமம். போன முறை வேறோர் ஊருக்குப் போனபோது, பேசிய வாடகைக்கு மேல் காத்திருப்புக் கட்டணம், டிரைவர் பேட்டா என்று பாதி வழியில் கேட்டார்கள். வயதானவரை வைத்துக்கொண்டு நடுரோட்டில் பேரம் பேச என்னால் முடியாது. எதையெல்லாம் முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டும்?

ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடிய ஈரத்துணியோடு வண்டியில் ஏற விடுவார்களா? மாலையில் தனுஷ்கோடிச் சாலையை மூடிவிடுவார்களாமே, கோயிலுக்கு முன்பே கடலுக்குப் போய்விடலாமா? பொறுமையாக ஓட்டும் டிரைவர் யாரையாவது தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். தை பிறந்ததும் கிளம்ப நினைக்கிறோம்.